முகம் கழுவிவிட வராத சம்மனசு

பாலக்கரை மிக்கேல் குருசடித் தெருவில், குதிரை வண்டி அப்துல் ரஹீமின் மகள் நஜீமாவுக்கு ஒரு வருஷம் திருநாள் முடிந்த மறுநாளே காய்ச்சல் கண்டது. ஐந்து வயதுப் பிள்ளை. தெருவின் சிலுவைக் கோயிலான குருசடியில் நடந்த நாடகத்தில் பசாசு சங்கிலியை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்ததைப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் வீல் வீலென்று கத்தியது. ஓதிக் கொடுத்த தண்ணீருக்கும் கேட்கவில்லை, டாக்டர் மருந்துக்கும் கேட்கவில்லை.

பசாசு வேஷம் கட்டிய தைரியராஜுக்குச் சேதி எட்டியது. அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வேலை விட்டு வந்ததும் விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொண்டு ரஹீம் வீட்டுக்குப் போனார். பாயில் கிடந்த பிள்ளைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, மாமா மூஞ்சியில இதைக் கொஞ்சம் தடவி விடறியா? எனக்குக் கண்ணாடி இல்லாம தடவ வரலை."

பிள்ளை முதலில் ஒரு விரலை வைத்தது. பிறகு ஐந்து விரலையும் வைத்தது. கன்னம், மூக்கு, நெற்றியெல்லாம் அப்பி முடித்துவிட்டு, தன் கையால் ஆன பசாசைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. அன்றைக்கே காய்ச்சல் இறங்கிவிட்டது.

இதைத் தைரியராஜ் வீட்டில் சொல்லவே இல்லை. அவர் பெண்சாதி லூர்துராணிக்குத் தெருக்குழாயில் ரஹீம் பெண்சாதி சொல்லித்தான் தெரியும். "ஏங்க, அப்படியா?" என்று கேட்டதற்கு, "புள்ள நல்லாத்தான் தடவுச்சு. காது மடலை மட்டும் விட்டுருச்சு," என்றார். அவ்வளவுதான்.

அந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசின், அதாவது மிக்கேல் வானதூதரின், திருநாள். அன்று இரவு தொடங்கினால் விடிகிறபோதுதான் நாடகம் முடியும். ஒரு விதவையின் வீட்டைப் பசாசு பிடித்துக்கொள்கிறது, சம்மனசு வந்து விரட்டுகிறது, கதை இதுதான். வேஷம் கட்டுகிறவர்கள் எல்லாரும் குருசடிக்குள் போய், கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம் தீர்த்தம் வாங்கிக்கொண்டு மேடை ஏறுவார்கள். பசாசு வேஷக்காரர் மட்டும் போகக் கூடாது, மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும். நாடகம் முடிந்ததும் சம்மனசு வேஷக்காரர் இறக்கையைக் கழற்றாமல் குருசடிக் கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர் இறைத்துப் போய், பசாசின் முகத்தைத் தன் கையால் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவார். அடித்த கையே கழுவ வேண்டும். அதுவரைக்கும் பசாசு வேஷக்காரர் எந்த வீட்டு வாசற்படியும் மிதிக்க மாட்டார். எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். ஆனால் தெருவில் யாரும் அதை மீறினதில்லை.

மீறினதில்லை என்றா சொன்னேன்? ஒரே ஒரு தடவை. தைரியராஜின் அப்பா காலத்தில், சம்மனசு வேஷக்காரருக்கு மேடையிலேயே குளிர்காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தானே முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த மார்கழியில் தைரியராஜின் அம்மா பிரசவத்தில் செத்துப்போனார். தைரியராஜுக்கு அப்போது ஏழு வயது.

பசாசு வேஷம் அந்தக் குடும்பத்தின் நேர்ச்சை. அதனாலேயே தைரியராஜுக்கு முப்பது வயது வரைக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. லூர்துராணி கதை வேறு மாதிரி. அடுத்த தெரு சவரிராயனுக்கு அவளைப் பேசி, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் அறிவிக்கிற கல்யாண ஓலையும் வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் சவரிராயன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். ஏன் போனான் என்று அவன் அப்பாவுக்கே தெரியாது. ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை அதன் பிறகு யார் கேட்பார்கள்?

தைரியராஜ்தான் கேட்டார். லூர்துராணியின் அப்பாவிடம் நேரே வந்து நின்று, "எனக்கும் யாரும் பொண்ணு தர மாட்டேங்கறாங்க. உங்க பொண்ணையும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. மாதாவே பாத்து ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கு மாமா," என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற லூர்துராணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பங்குச் சாமியார் புதிதாக மூன்று ஓலை வாசித்தார். குழாயடிப் பெண்கள் கூட்டிப் பார்த்து, 'அஞ்சு ஓலை லூர்து' என்று பெயர் வைத்தார்கள். ஐம்பத்திரண்டில் கல்யாணம். பிள்ளை இல்லை. அதற்காக அவர் ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

அறுபத்தாறு தவக்காலத்தில் சவரிராயன் திரும்பி வந்தான்.

பர்மாவிலிருந்து நம் ஜனங்களை மூட்டையும் முடிச்சுமாகக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம். பெண்சாதி அங்கேயே செத்துவிட்டாள். ஆறு வயது மகள் ரோசலியைக் கையில் பிடித்துக்கொண்டு குருசடி வாசலில் நின்றான். அப்பா அம்மா காலமாகி, வீடும் கைமாறிப் போயிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். சிலர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டு போனவர் தைரியராஜ்.

லூர்துராணிக்கு அடுப்படியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு தெரியுதா?" என்று அடிக்குரலில் கேட்டாள்.

"தெரியுது. ரெண்டு ஓலைக்காரன்."

"விளையாடாதீங்க. ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். பேசற ஊரு ஒரு வாரம் வெச்சுக்கிட்டா நான் ஏன் கூட்டிட்டு வரேன்? அந்தப் பாப்பா கால்ல செருப்பு இல்ல லூர்து."

அவள் உலையில் அரிசியைக் கொஞ்சம் கூடப் போட்டாள்.

ஒரு வாரம் என்றது மாதங்களாயிற்று. சவரிராயன் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கப் போனான். ராத்திரி முன்னறையில் படுப்பான். ரோசலி மட்டும் இரண்டாம் நாளே அடுப்படிக்கு வந்து லூர்துராணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. தலை பின்னிவிட்டால் பின்னல் முடிகிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைத் தலையின் சூட்டைக் கை அறிந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஆசையும் வந்தது, அதே அளவுக்குப் பயமும் வந்தது.

ஒரு நாள் தைரியராஜ் வேலைக்குப் போயிருந்தபோது சவரிராயன் அடுப்படி நிலைக்கு வெளியே நின்று, "லூர்து, அன்னிக்கு நான் எதுக்குப் போனேன்னா..." என்று இழுத்தான்.

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க. உலை கொதிக்குது," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

சொன்னாளே தவிர, அந்த முடியாத பேச்சு அவளுக்குள்ளேயே கிடந்தது. முன்னறையில் அவன் இருமினால் இவளுக்கு விழிப்புத் தட்டியது. பக்கத்தில் புருஷன் அயர்ந்து தூங்குவார். சேசுவே, இது என்ன சோதனை என்று ஜெபமாலையை உருட்டுவாள். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். அவர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். இருமல் நிற்கவில்லை, விழிப்பும் நிற்கவில்லை. தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு பார்வை பார்த்ததில்லை. ஆனாலும் குற்றம் செய்தவள் போலவே தெருவில் நடந்தாள்.

குழாயடியில் எதிர்வீட்டுச் செல்வமேரி விடுவாளா? "என்னடி லூர்து, ஆறாவது ஓலை எப்போ வாசிக்கறாங்க?" என்றாள். குடம் நிரம்புகிற வரைக்கும் சிரித்தார்கள். லூர்துராணி அரைக் குடத்தோடு வந்துவிட்டாள்.

சம்மனசு வேஷம் கட்டிவந்த பெரியவர் அந்த ஆடியில் வாதம் வந்து படுத்துவிட்டார். உடனே சவரிராயன் தெருக் கூட்டத்தில் எழுந்து நின்றான். கப்பலில் காய்ச்சல் கண்டு மகள் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது, 'கரை சேர்த்தால் உன் வேஷம் கட்டுகிறேன்' என்று மிக்கேல் சம்மனசுக்கு நேர்ந்துகொண்டானாம். நல்ல உயரம், நல்ல குரல், அதிலும் நேர்ச்சை. யார் மறுப்பார்கள்? எல்லாரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி லூர்துராணி நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அந்த நாடகத்து வசனம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். சம்மனசு மூன்று தடவை கேட்கும். பசாசு மூன்றாம் தடவை என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இந்த வருஷம் மட்டும் வேண்டாங்க. நீங்க கட்டாதீங்க," என்று புருஷனிடம் கெஞ்சினாள்.

"நான் விட்டா வேற யாரு கட்டுவா, நீயே சொல்லு. சம்மனசுக்குன்னா வரிசையில நிப்பானுங்க. பசாசுக்கு ஒருத்தன் வருவானா?"

"அந்த வசனத்தை எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணுமே."

"வேஷம்தானே லூர்து," என்றார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் கரியைக் குழைத்துக்கொண்டே சொன்னார்.

திருநாள் வந்தது. மைக் செட்டு, டியூப் லைட்டு, தெரு அடைத்துக் கூட்டம். சுப்ரமணியபுரம், வரகனேரியிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. ரோசலி லூர்துராணியின் மடியிலேயே தூங்கிவிட்டது. கிழக்கு வெளுக்கிற நேரத்துக்குக் கடைசிக் காட்சி. ஜிகினா இறக்கையும் ஈட்டியுமாகச் சவரிராயன் நின்றான். எருமைக் கொம்பும் சங்கிலியுமாகத் தைரியராஜ் எதிரே நின்றார்.

"யார் வீட்டில் நீ குடியிருக்கிறாய்? சொல்!" என்றது சம்மனசு.

"என் வீடு! என் வீடு!" என்று பசாசு உறுமியது.

கூட்டத்தில் விசில் பறந்தது. "அண்ணே, விட்டுக் குடுத்துராதீங்க!" என்று ஒருவன் கத்த, தெருவே கொல்லென்று சிரித்தது. லூர்துராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழுந்து போகவும் முடியவில்லை, மடியில் பிள்ளை.

இரண்டாம் தடவையும் கேட்டது. "என் வீடு!" இந்தத் தடவை சிரிப்பு குறைவு.

மூன்றாம் தடவை சவரிராயனுக்கே குரல் பிசிறியது. "யார் வீட்டில்... நீ குடியிருக்கிறாய்?"

அந்த இடத்தில் பசாசு அலறிக்கொண்டு சொல்ல வேண்டும். தைரியராஜ் அலறவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். "என் வீடு அல்ல. உரியவர் வந்தார். நான் வெளியேறுகிறேன்."

மைக் அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோயிற்று. சம்மனசு இப்போது ஈட்டியை நெஞ்சில் வைக்க வேண்டும். சவரிராயன் கையிலிருந்து ஈட்டி கீழே விழுந்துவிட்டது. தைரியராஜ் குனிந்து அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார். முனையைத் தன் நெஞ்சில் தானே வைத்துக்கொண்டு, மல்லாந்து விழுந்தார்.

திரை விழுந்ததும் லூர்துராணி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குருசடிக் கிணற்றுக்கு ஓடினாள். சவரிராயன் செம்பை நிரப்பிக்கொண்டிருந்தான். இறக்கை ஒரு பக்கம் தொங்கியது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குள் ஏதோ இளகியது. இளகியதாலேயே ஆத்திரம் பொங்கியது.

"போயிடுங்க. இந்த ஊர்ல இனிமே நிக்காதீங்க. அந்த மனுஷனை எல்லார் முன்னாடியும் என்ன சொல்ல வெச்சுட்டீங்க! உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், போயிடுங்க."

சவரிராயன் செம்பைக் கிணற்று மேடையில் வைத்தான். அவள் தோளிலிருந்து மகளை வாங்கிக்கொண்டான். வடக்கு வாசல் வழியாக நடந்தான்.

முகத்தைக் கழுவிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட அவள் வாயைத் திறந்தாள். போகச் சொன்ன வாயால் கூப்பிட முடியவில்லை. செம்பை எடுத்துத் தானே கொண்டுபோகலாமா என்று பார்த்தாள். அடித்த கை அவளுடையது இல்லையே. அவன் வாசலைத் தாண்டி, சாமான் எடுக்க வீட்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். தான் போய்விட்டால் அந்தக் குடும்பம் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்திருப்பான். அத்தனை வருஷம் ரங்கூனில் இருந்துவிட்டு வந்தவனுக்கு வேஷம் நினைவிருந்த அளவுக்கு வழக்கத்தின் பயம் நினைவில்லை.

தைரியராஜ் மதிலுக்கு வெளியே காத்திருந்தார். வெயில் ஏறியது. முகத்துக் கரி காய்ந்து வெடித்தது. தெருக்காரர்கள் சவரிராயனைத் தேடி வீட்டு முன்னறையில் பார்த்தார்கள். ஜிகினா இறக்கை மட்டும் ஆணியில் தொங்கியது. அவன் ஏறின மெட்ராஸ் வண்டி போய்விட்டது என்று ஜங்ஷனிலிருந்து ஆள் வந்து சொன்னான்.

உபதேசியார் செம்போடு வந்தார். "வாப்பா, நான் கழுவி விடறேன்."

"உங்க கையால ஆகாதுங்கய்யா. அடிச்ச கைதான் கழுவணும்."

சாமியாரே இறங்கி வந்தார். "இதெல்லாம் திருச்சபை சொன்னதில்லை தைரியராஜ். நீ நல்ல கிறிஸ்தவன். முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போ," என்று அதட்டினார். தைரியராஜ் அவர் சொல்லைத் தட்டவில்லை. முகத்தைக் கழுவினார், கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டார், மறுநாள் வேலைக்கும் போனார். வீட்டுப் படி மட்டும் ஏறவில்லை.

"சாமி, என் ஆத்துமத்துக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆனா வீட்டுக்குள்ள அவ இருக்கா. எங்க அம்மாவும் வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க," என்றார். 

மதிலுக்கு வெளியே குருசடிப் பந்தல் சாமான் போடுகிற கொட்டகையில் படுத்துக்கொண்டார். லூர்துராணி சாப்பாட்டுத் தட்டை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து கொடுப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு நாள் அவள் தாங்க முடியாமல், "நான்தாங்க அவரைப் போகச் சொன்னேன்," என்று உடைத்துவிட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "கழுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"நான் செத்தா செத்துட்டுப் போறேன், உள்ள வாங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ரயில்வேயில் உழைத்து இறுகின உடம்பு. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினாரே தவிர, கால் படியில் படவில்லை. எதிர்வீட்டுச் செல்வமேரி கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு குழாயடியில் யாரும் ஓலைப் பேச்சு எடுக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. கொட்டகை ஒழுகியது. அவருக்கும் இருமல் கண்டது. சவரிராயனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருகிறேன் என்று லீவு போட்டார். பர்மாக்காரர்களைக் குடிவைத்திருக்கிற இடங்களை எல்லாம் மெட்ராஸில் விசாரித்தால் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு லூர்துராணி அவரைப் பார்க்கவே இல்லை. உயரமான ஆளையும் ஒரு சின்னப் பெண்ணையும் கேட்டுக்கொண்டு ஒருவர் குடிசை குடிசையாக வந்தார் என்று, மெட்ராஸ் போய்வந்தவர் ஒருவர் சொன்னார். ஆந்திரா பக்கம் ஒரு முகாமுக்குப் போனார் என்று இன்னொருவர் சொன்னார். பிறகு ஒரு சேதியும் இல்லை. ஒர்க்‌ஷாப்பிலும் பேரை எடுத்துவிட்டார்கள். அவள் பூசை வைத்தாள், வேளாங்கண்ணிக்கு நடந்து போனாள். செத்தவர் என்று நினைத்து ஜெபிப்பதா, இருக்கிறவர் என்று நினைத்து ஜெபிப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஜெபித்தாள். குருசடியில் அதன் பிறகு பசாசு வேஷம் கட்ட ஆள் வரவில்லை. பசாசு இல்லாமல் சம்மனசுக்கு என்ன வேலை? நாடகமும் நின்றது.

அவர் கிளம்பிய அன்று அவள் ஜங்ஷன் வரைக்கும் கூடப் போனாள். ரயிலில் சன்னல் ஓரமாக இடம் கிடைத்தது. கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டார். அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. போகாதீங்க என்று காலில் விழவேண்டும் போலிருந்தது. இரண்டும் முடியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்தது. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"அவன் மேல கோவம் வெச்சுக்காத லூர்து. பாப்பாவை வெச்சுக்கிட்டு எங்க கெடந்து அல்லாடறானோ. கெடைச்சா ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வந்துடறேன். அரிசியைக் கொஞ்சம் கூடவே போட்டு வை."